படுக்க வைத்து நட்ட தக்காளி

ஹாரூனுக்கு அத்தாவின் சலாம்.

நேற்று நீ போனை வைத்ததும் நான் மாடிக்குப் போய்த் தக்காளிக்குத் தண்ணீர் ஊற்றினேன். கோபத்தோடு தண்ணீர் ஊற்றக் கூடாது. கை தாராளமாகிவிடும், மறுநாள் பழமெல்லாம் வெடித்துக் கிடக்கும். இன்று காலை அப்படித்தான் கிடந்தன. அவற்றைப் பறித்து ரசம் வைத்துவிட்டு, உட்கார்ந்து இதை எழுதுகிறேன். "இந்த வயசுல எதுக்கு அத்தா இதெல்லாம்? பேசாம இங்க பெங்களூருக்கே வந்துடுங்க" என்றாய். போனில் எனக்கு வாய் வராது என்பது உனக்குத் தெரியும். சாப்பிட்டியா, மருமக சுமையா எப்படி இருக்கு என்பதைத் தாண்டினால் நாக்கு ஒட்டிக்கொள்ளும். எழுத்தில் கொஞ்சம் பேசுவேன். நீளமாகப் போகும், பொறுத்துக்கொள்.

விஷயத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். சுற்றி வளைத்தால் உனக்கு எரிச்சல் வரும், அந்தக் குணம் என்னிடமிருந்து வந்ததுதான். பக்கத்து வீட்டு மைமூனை, நீ சின்ன வயதிலிருந்து மாமி என்று கூப்பிடுகிற மைமூனை, நோன்பு வருவதற்கு முன் நிக்காஹ் செய்துகொள்ள விரும்புகிறேன். அவருடைய அண்ணன் சம்மதித்துவிட்டார். தட்டாஞ்சாவடியில் பட்டறை வைத்திருக்கும் மனிதர், கணவரை இழந்து வந்த தங்கையை முகம் சுளிக்காமல் இத்தனை வருடம் வைத்துப் பார்த்துக்கொண்டவர். "எனக்கு சந்தோசம் பாய், ஆனா அது என்ன சொல்லுதுன்னு கேட்டுக்கலாம்" என்றார். கேட்டோம். மைமூன் சொன்ன பதில் இது: "ஹாரூன் மொகம் கோணிச்சுன்னா எனக்கு வேணாம். என் கண்ணு முன்னாடி வளந்த புள்ள. அவன் வீட்டுக்குள்ளயே அவன் தயங்கித் தயங்கி வர்ற மாதிரி ஆயிடக் கூடாது." பெரியவர்கள் கூடிப் பேசி முடித்த ஒரு காரியம் இப்போது உன் முகத்தைப் பார்த்துக்கொண்டு நிற்கிறது.

இதை நீ என் வாயால் கேட்டிருக்க வேண்டும். உன் அத்தையை முறையாகப் பெண் கேட்க அனுப்பினேன். அவள் அந்த வீட்டுப் படி இறங்குவதற்கு முன்பே உனக்குப் போன் போட்டுவிட்டாள். உன் அத்தையிடம் ஒரு விஷயத்தைக் கொடுப்பதும் பள்ளிவாசல் மைக்கில் சொல்வதும் ஒன்றுதான் என்று தெரிந்தும் உனக்கு முதலில் சொல்லாமல் விட்டேன். வெட்கம், வேறொன்றும் இல்லை. மகனிடம் இதை எந்த வார்த்தையில் தொடங்குவது என்று தெரியவில்லை. இப்போதும் தெரியாமல்தான் தக்காளியில் தொடங்கியிருக்கிறேன்.

தக்காளியில் தொடங்குவதில் நியாயமும் இருக்கிறது. இதற்கெல்லாம் முதல் காரணம் உன் வீட்டுக்காரிதான், அதையும் தெரிந்துகொள். உங்கம்மா மௌத்தான பிறகு நான் தையல் கடையை அடைத்துவிட்டு வந்து டிவியைப் பார்த்தபடி உட்கார்ந்திருக்கிறேன் என்று சுமையா கவலைப்பட்டு, செடி வைக்கும் பைகளும் தென்னை நார்த்தூளும் ஐந்தாறு விதைப் பாக்கெட்டுகளும் வீட்டுக்கு வரவழைத்தாள். "மாமா, தினம் ஒரு போட்டோ அனுப்பணும்" என்று உத்தரவு வேறு. பாக்கெட்டில் நாட்டுத் தக்காளி, பெங்களூர் தக்காளி, கொத்துக் கொத்தாய்க் காய்க்கும் செர்ரித் தக்காளி, மஞ்சளில் ஒன்று, பெயர் வாயில் நுழையாத ஒன்று. ஐப்பசியில் விதை போட்டேன். நம் ஊரில் ஐப்பசி மழை எப்படிப் பெய்யும் என்று இங்கேயே பிறந்து வளர்ந்தவனுக்குத் தெரியாதா? தெரியும். துணி வெட்டுகிறவனுக்கு மழை என்றால் தீபாவளி ஆர்டர் நனையாமல் பார்த்துக்கொள்வது, அவ்வளவுதான். முளைத்ததெல்லாம் அழுகிப் போயிற்று. மழை விட்ட பிறகு மிச்சமிருந்த விதைகளை ஒரே தட்டில் போட்டேன். எது எந்த விதை என்று குறித்து வைக்கவும் இல்லை. எல்லாம் தக்காளிதானே என்று நினைத்தேன்.

எல்லாம் தக்காளிதான், ஆனால் எல்லாம் ஒன்றல்ல. இதைத் தெரிந்துகொள்ள எனக்கு ஒரு அறுவடை போயிற்று. செடித் தக்காளி என்று ஒரு வகை, கொடித் தக்காளி என்று ஒரு வகை. செடித் தக்காளி இடுப்பளவு வளர்ந்து நின்றுவிடும், பக்கத்தில் கிளை விட்டுப் பூத்து, ஒரே மூச்சில் காய்த்து முடித்துவிடும். கொடித் தக்காளி நிற்காது. கட்டிவிடக் கட்டிவிட ஆள் உயரம் ஏறி மாதக் கணக்கில் காய்க்கும். அதற்குத்தான் இலைக் கணுவில் கிளம்பும் பக்கக் கிளைகளைக் கிள்ள வேண்டும், இல்லாவிட்டால் சக்தியெல்லாம் இலைக்குப் போய்விடும். நான் போனில் பார்த்த வீடியோ கொடி வகைக்கானது. என்னிடம் அந்த வருடம் தப்பிப் பிழைத்ததில் பாதிக்கு மேல் செடி வகை. நானோ முப்பது நாற்பது வருடமாகப் பிசிறு வெட்டிய கை. தைத்து முடித்த சட்டையில் ஒரு நூல் தொங்கினால் எனக்குச் சோறு இறங்காது. ஒவ்வொரு கணுவிலும் ஒரு துளிர் நீட்டிக்கொண்டிருப்பதைப் பார்த்ததும் கடையிலிருந்து சின்னக் கத்தரிக்கோலைக் கொண்டுவந்து எல்லாச் செடியையும் சுத்தமாக வெட்டிவிட்டேன். அளவெடுத்துத் தைத்த மாதிரி நேராக, ஒற்றைத் தண்டாக நின்றன. போட்டோ எடுத்து சுமையாவுக்கு அனுப்பினேன். அவளும் 'சூப்பர் மாமா' என்று பதில் போட்டாள்.

அப்போதுதான் கைப்பிடிச் சுவருக்கு அந்தப் பக்கமிருந்து மைமூன் குரல் கேட்டது. துணி உலர்த்த வந்தவர் என் செடிகளைப் பார்த்து நின்றுவிட்டார்.

"ஹாரூன் அத்தா, என்னா இது? செடிக்கு மொட்டை போட்டு வச்சிருக்கீங்க?"

"பக்கக் கிளை எடுக்கணும்னு வீடியோவுல சொன்னான்."

"கொடிக்கு எடுக்கணும். இது குத்துச் செடியாச்சே, கிளையிலதான காயே வரும். இப்ப எங்க காய்க்கும், கைப்பிடிச் சுவத்துலயா?"

எனக்குச் சுருக்கென்றது. உங்கள் மாடியில் மட்டும் என்ன வாழுதாம் என்பது போல எட்டிப் பார்த்தேன். அங்கே அதற்கு நேர் எதிர். கொடித் தக்காளியை ஒரு பைக்கு மூன்றாக வைத்து, ஒரு துளிரைக்கூடக் கிள்ளாமல், ஒரு குச்சிகூட ஊன்றாமல் விட்டிருந்தார். அவை தரையெல்லாம் படர்ந்து தண்ணீர்த் தொட்டிக்குப் போகிற வழியை அடைத்திருந்தன. காய் எங்கே என்று தேடத்தான் வேண்டும். "வெட்ட மனசு வரல. அதுவா வளருது, நாம எதுக்கு வெட்டிக்கிட்டு" என்றார். ஆக அந்த வருடம் நான் வெட்டியே கெடுத்தேன், அவர் வெட்டாமலே கெடுத்தார். இரண்டு வீட்டிலும் தக்காளி பெரிய மார்க்கெட்டிலிருந்துதான் வந்தது.

மறு வருடம் நாங்கள் பேசி வைத்துக்கொண்டு நட்டோம். சுவருக்கு அந்தப் பக்கம் அவர், இந்தப் பக்கம் நான். தெருவே பார்க்கிற மாடியில், வெயில் ஏறுவதற்குள் பேசிய பேச்சு, ஒளிவு மறைவு ஏதுமில்லை. எந்தத் தக்காளி நல்லது என்று நான் கேட்டேன். "எதுக்குன்னு சொல்லுங்க, அப்பறம் எதுன்னு சொல்றேன்" என்றார். ரசத்துக்கும் மீன் குழம்புக்கும் நாட்டுத் தக்காளி. தோல் மெல்லிசு, புளிப்புக் கூடுதல், இரண்டு நாள் வைத்தால் குழைந்துவிடும், ஆனால் குழம்பில் கரைகிற கரைசல் வேறு எதற்கும் வராது. தொக்குக்கும் ஊருக்குக் கொடுத்து அனுப்பவும் பெங்களூர் தக்காளி. தோல் தடிப்பு, சதைப் பற்று, லாரியில் எத்தனை மைல் போனாலும் கசங்காது, புளிப்புதான் குறைச்சல். (உன்னைச் சொல்லவில்லை. சொன்னால்தான் என்ன, அந்த ஊரில் போய் உனக்கும் தோல் தடித்துத்தான் விட்டது.) பறித்ததும் வாயில் போட்டுக்கொள்ள செர்ரி. அது கொடி, காற்று தாங்கும், பூச்சிக்கும் கொஞ்சம் ஈடு கொடுக்கும். மஞ்சள் தக்காளி பார்க்க அழகு, குழம்பில் போட்டால் பார்க்கிறவர்கள் என்ன குழம்பு என்று கேட்பார்கள். அதை நான் விட்டுவிட்டேன், அவர் விடவில்லை.

அந்த வருடம் அவருடைய கொடிகளை நான் கட்டிக் கொடுத்தேன். பிளாஸ்டிக் கயிறு தண்டை அறுக்கும். கடையில் விழும் லைனிங் துணியைக் கீற்றாகக் கிழித்து, குச்சிக்கும் தண்டுக்கும் நடுவில் எட்டுப் போட்ட மாதிரி தளர்வாகச் சுற்றினால் தண்டு தடித்தாலும் இறுக்காது. அவருடைய அண்ணன் அந்தப் பக்கம் நின்று குச்சியைப் பிடிக்க, நான் கட்டினேன். எந்தத் துளிரைக் கிள்ள வேண்டும் என்று காட்டினேன். அவர் ஒவ்வொன்றுக்கும் "இதுவுமா? இது இருக்கட்டுமே" என்று கெஞ்சிக் கெஞ்சிக் கிள்ளினார். என் செடிகளில் கத்தரிக்கோல் வைக்க அவர் என்னை விடவில்லை. இரண்டு மாடியிலும் காய்த்தது. மாசியில் உங்களுக்கு ஒரு அட்டைப் பெட்டி நிறைய அனுப்பினேனே, அதில் பாதி அவர் வீட்டுத் தக்காளி. நீ சட்னி நன்றாக இருந்தது என்று எனக்கு மட்டும் நன்றி சொன்னாய், நானும் வாங்கி வைத்துக்கொண்டேன்.

இந்த வருடம் மழை விடவே இல்லை. புரட்டாசிக் கடைசியில் விட்ட நாற்று தட்டிலேயே நின்று, கார்த்திகை பாதி ஆகியும் நட முடியவில்லை. நாற்று என்றால் ஒரு சாண் இருக்கும்போதே நட வேண்டும். இவை வெளிச்சம் தேடி முழ நீளத்துக்கு வளர்ந்து, தண்டு வெளிறி, தன் பாரம் தாங்காமல் சாய்ந்து கிடந்தன. முற்றிய நாற்று தேறாது என்று தூக்கிப் போட எடுத்தேன். மைமூன் கையைக் காட்டித் தடுத்தார். "கத்திரின்னா போட்டுடலாம். தக்காளிய அப்படிப் போடாதீங்க. கீழ் எலையெல்லாம் கிள்ளிட்டு, தண்டைப் படுக்க வச்சு மண்ணு மூடுங்க, தலை மட்டும் வெளிய தெரியட்டும். மூடுன தண்டு பூரா வேர் விடும்." அப்படியே செய்தேன். ஒரு வாரத்துக்குத் தலை தொங்கிக் கிடந்தது. பிறகு நிமிர்ந்தது பார், நாற்று வயதில் நட்ட செடிகூட அவ்வளவு பிடிப்பாக நின்றதில்லை. கடற்காற்று அடித்த அன்றும் அசையவில்லை. 'இந்த வயசுல எதுக்கு' என்று நீ கேட்டபோது இதைச் சொல்லிவிடலாம் என்று வாய் வரைக்கும் வந்தது. சொல்லவில்லை. மனுஷன் ஒன்றும் நாற்று இல்லை, தக்காளியைக் காட்டி மகனிடம் கல்யாணத்துக்கு வழி கேட்கிற அளவுக்கு எனக்குப் புத்தி பேதலித்துவிடவும் இல்லை. நடந்ததைச் சொன்னேன், அவ்வளவுதான்.

மார்கழியில் எனக்குக் காய்ச்சல் வந்தது உனக்குத் தெரியும். எப்படித் தெரிய வந்தது என்பது தெரியாது. கடையை அடைத்துவிட்டு வந்து படுத்தவன், அடுத்த நாள் எழுந்திருக்கவில்லை. போன் கூடத்தில் அடித்துக்கொண்டே இருந்தது, எழுந்து போக உடம்பில் தெம்பு இல்லை. அதற்கும் மறுநாள் காலை மைமூன் மாடிக்கு வந்து பார்த்திருக்கிறார். என் செடிகள் எல்லாம் தலை தொங்கி நின்றிருக்கின்றன. காய் பிடித்திருக்கிற செடிக்கு நான் ஒரு வேளை தண்ணீர் தவறவிடமாட்டேன் என்று அவருக்குத் தெரியும். நேராகக் கீழே இறங்கி அண்ணனிடம் "ஹாரூன் அத்தாவுக்கு என்னமோ ஆயிடுச்சு, கதவைத் தட்டு" என்று சொல்லியிருக்கிறார். அவர் தட்டி, நான் திறக்காததால் பின் கட்டு வழியாக உள்ளே வந்து, ஆட்டோவில் போட்டுக் கோரிமேட்டு ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனார். நீ வந்து சேர்ந்தபோது எனக்குக் காய்ச்சல் இறங்கிவிட்டது. தெருவில் எனக்கு சலாம் சொல்கிறவர்கள் எத்தனை பேர், கடை வாசலில் உட்கார்ந்து பேசுகிறவர்கள் எத்தனை பேர். என்னைக் காணோம் என்று கண்டுபிடித்தது தக்காளிச் செடியைப் பார்க்கத் தெரிந்த ஒரு ஆள்தான். கட்டிலில் படுத்துக்கொண்டு இதைத்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். பயமாக இருந்தது மகனே. மௌத்துக்குப் பயமில்லை, அது அல்லாஹ் கையில். யாரும் பார்க்காமல் வாடிக் கிடப்பதற்குப் பயமாக இருந்தது.

உங்கம்மாவைப் பற்றி நீ ஒன்றும் கேட்கவில்லை. கேட்காமல் விட்டதில்தான் உன் கேள்வி முழுவதும் இருந்தது. சொல்கிறேன். அவளை மறந்துவிடவில்லை. அவளோடு வாழ்ந்த வாழ்க்கையில் எனக்கு ஒரு குறையும் இல்லை, இன்றைக்கும் சட்டைக்குப் பட்டன் வைக்கும்போது அவள் எதிரில் உட்கார்ந்து ஊசியில் நூல் கோத்துத் தருவாள் என்று கை தானாக நீளும். அவள் இருந்த காலத்தில் அந்தச் சுவர் வழியாகக் கிண்ணங்கள்தான் போய் வந்தன. இங்கிருந்து பாயசம் போனால் அங்கிருந்து வெறும் கிண்ணம் திரும்பாது, மீன் வறுவலோ பணியாரமோ இருக்கும். அவள் படுக்கையில் கிடந்த மாதங்களில் அவளுக்குத் தலை வாரிவிட்டது மைமூன். நீ அப்போது வேலையில் சேர்ந்த புதிது, இதெல்லாம் உன் கண்ணில் பட்டிருக்காது. அவளுடைய பீரோ அப்படியே இருக்கிறது, அப்படியே இருக்கும். வருடா வருடம் ஃபாத்திஹா ஓதுவதும் நிற்காது. "அவங்க எடத்துக்கு நான் வரல, அவங்க எடம் அவங்களுக்கு" என்று மைமூனே சொன்னார். இன்னொன்றும் சொல்ல வேண்டும். பழகிய இத்தனை வருடத்தில் அவர் என்னை ஒரு முறைகூட என் பெயரைச் சொல்லியோ வேறு எதையும் சொல்லியோ கூப்பிட்டதில்லை. ஹாரூன் அத்தா. அவருக்கு நான் அதுதான்.

பெங்களூருக்கு வரச் சொல்கிறாய், பால்கனியில் செடி வைத்துக்கொள்ளலாம் என்கிறாய். அன்பாகத்தான் சொல்கிறாய், எனக்குத் தெரியும். உன் பால்கனியில் வெயில் காலையில் எட்டிப் பார்த்துவிட்டு ஓடிவிடுகிறது, தக்காளிக்கு அரை நாள் வெயிலாவது வேண்டும். செர்ரி மட்டும் வைத்துப் பார், வந்தால் வரும். ஒரு பைக்கு ஒரு செடி, இரக்கப்பட்டு இரண்டாக விடாதே. தண்ணீரை ஒரே அளவில் கொடு. ஒரு நாள் வெள்ளமும் மறுநாள் வறட்சியுமாக விட்டால் காயின் அடி கறுத்துவிடும், சுமையா உரத்தைக் குறை சொல்லுவாள். உங்கள் இருவரிடமும் அந்தப் பழக்கம் இருக்கிறது என்பதால் சொல்கிறேன், ஒரு வாரம் ஒரே கொஞ்சல், மறு வாரம் பேச்சே இல்லை. செடிக்கும் ஆகாது, பெண்டாட்டிக்கும் ஆகாது. எதையும் பார்த்தவுடன் வெட்டாதே, என்னிடமிருந்து உனக்கு வந்திருக்கிற இன்னொரு வியாதி அது. நேற்று போனில் நீ வெட்டிய வெட்டு அப்படிப்பட்டதுதான். நான் வருவேன், வந்து பத்து நாள் இருப்பேன், பேரனோ பேத்தியோ வந்தால் இன்னும் கூட இருப்பேன். இருந்துவிட்டு இங்கே திரும்பி வருவேன். இங்கே நான் மாடிக்கு வரவில்லையே என்று பார்க்க ஒரு ஆள் இருக்க வேண்டும்.

மைமூன் மேல் எனக்குக் கோபமும் இருக்கிறது. கல்யாணம் எனக்கும் அவருக்கும், நடுவில் உன் முகம் எதற்கு என்று நான் அவருடைய அண்ணனிடம் சத்தம் போட்டேன். அவர் சிரித்துவிட்டு, "அது ஒரு துளிரக் கிள்றதுக்கே மூணு தடவ யோசிக்கிற ஆளு பாய், உங்க புள்ள மனசைக் கிள்ளுமா?" என்றார். யோசித்துப் பார்த்தேன். அந்தக் குணத்துக்காகத்தானே எனக்கு அவரைப் பிடித்தது. இப்போது அதுவே எனக்குக் குறுக்கே நிற்கிறது என்றால் நான் யாரிடம் போய்ப் புகார் சொல்ல? அவர் இன்றைக்கும் மாடிக்கு வந்தார். தன் செடிகளுக்குத் தண்ணீர் ஊற்றினார். என் பக்கம் பார்க்கவில்லை. உன் பதில் வரும்வரை இனிப் பார்க்கவும் மாட்டார்.

உன்னிடம் நான் அனுமதி கேட்கவில்லை. அத்தா மகனிடம் அனுமதி கேட்கிற விஷயம் இல்லை இது, உனக்கும் அது அசிங்கம். எனக்கு நீ ஒன்றும் சொல்ல வேண்டாம். என்னைக் கூப்பிட்டு 'சரி அத்தா, உங்க இஷ்டம்' என்று சொல்லிவிட்டால் அது என் காதோடு நின்றுவிடும், அவர் அதை நம்ப மாட்டார். நான் மிரட்டி வாங்கியது என்றுதான் நினைப்பார். நீ அவரிடம் பேசு. சுமையாவிடம் அவர் நம்பர் இருக்கிறது. அவர்கள் இருவரும் விதை விஷயமாகப் பேசிக்கொள்வது உனக்குத் தெரியாதா? என்ன பேசுவது என்று தயக்கமாக இருந்தால் தக்காளியைப் பற்றிக் கேள், பேச்சு தானாகப் போகும். அவரை மாமி என்றே கூப்பிடு, வேறு எப்படியும் கூப்பிடச் சொல்லி உன்னை யாரும் கேட்கப்போவதில்லை. மனதில் வருத்தம் இருந்தால் இல்லாதது போல நடிக்காதே, அவர் கண்டுபிடித்துவிடுவார். வருத்தம் இருக்கிறது என்று சொல்லிவிட்டே பேசலாம். பேசி முடித்துப் போனை வைப்பதற்கு முன்னால் ஒன்று மட்டும் கேட்டுவிடு, "மாமி, எப்ப நம்ம வீட்டுக்கு வர்றீங்க?" அவர் காத்துக்கொண்டிருப்பது அந்த ஒரு கேள்விக்குத்தான். நானும்தான் மகனே.